கண்ணீரைக் கேட்கவும் கலாநிதிப் பட்டமா?



திருகோணமலையிலிருந்து மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் வீதியில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை துறையடியில் பாதைக்காகக் காத்து நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மூதூரும் தோப்பூரும் கடந்து தெற்கே போனால், மாவட்டத்தின் கடைசியில் ஈச்சிலம்பற்று வரும். அப்பால் வெருகல் ஆறு. ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். இந்தப் பகுதி இன்று வெருகல் பிரதேச செயலகப் பிரிவு. வயலும் கடலும் சேனையும்தான் அங்குள்ள மக்களின் வாழ்வு. பெரும்பாலோர் தமிழ்ச் சகோதரர்கள். பக்கத்து ஊர்களில் நாம்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது அவர்கள் வீடு, நம் வீடு என்று பார்க்கவில்லை. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு வருடம் முடிவதற்குள், 2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டை வைத்துச் சண்டை மூண்டது. ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். ஈச்சிலம்பற்று மக்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடி, அங்கிருந்தும் மட்டக்களப்புக்கு ஓடினார்கள். 2007இல்தான் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

வீடு கட்டியாயிற்று. வீதி போட்டாயிற்று. பாலமும் வந்துவிட்டது. ஆனால் அந்த உம்மாவின் நெஞ்சுக்குள் இடிந்தது என்ன ஆயிற்று? அதைக் கட்டித் தருவது யார்?

இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் உளவளத்துணை. யாழ்ப்பாணப் பக்கத்தில் சீர்மியம் என்றும் சொல்வார்கள். இந்தப் படிப்பின் உச்சியில் ஒரு கலாநிதிப் பட்டம் உண்டு: 'உளவளத்துணைக் கல்வியும் மேற்பார்வையும்' என்பது அதன் பொருள். கேட்டவுடன் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். "அழுகிறவளுக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்ல ஒரு கலாநிதியா? எங்கட பெரியம்மா எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தா?" என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்வி. பதிலைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ரகசியம் திரும்பி வந்த கதை

ஒரு சகோதரி எனக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். இடப்பெயர்வு முடிந்து வந்த காலம். கணவரோடு அவருக்கு ஒரு மனத்தாங்கல். வீட்டில் சொல்ல முடியவில்லை. அப்போது அவர்கள் பக்கம் 'ஆலோசனை' சொல்ல ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். சில நாள் பயிற்சி எடுத்தவர். நல்ல மனம் உள்ளவர். சகோதரி மனதைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதார். பதினைந்து நாள் கழித்துக் குழாயடியில் தண்ணீர் எடுக்கப் போனபோது, அவர் சொன்ன கதையை இன்னொரு பெண் அவருக்கே திருப்பிச் சொன்னாள்.

"அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தொழுகைப் பாயில் மட்டும்தான் அழுகிறேன்" என்றார் அந்தச் சகோதரி.

படைத்தவனிடம் அழுவது மேலானதுதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படைத்தவன் மனிதருக்கு மனிதரைத் துணையாகவும் வைத்திருக்கிறான். அந்தத் துணையில் அவர் நம்பிக்கை இழந்ததற்கு யார் பொறுப்பு?

ஆலோசனை சொன்னவர் கெட்டவர் அல்ல. பல பேருடைய துயரத்தை ஒருவராகச் சுமந்தார். பாரம் தாங்காமல் யாரிடமோ இறக்கி வைத்தார். எங்கே இறக்கி வைக்கலாம், எங்கே கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க மேலே ஒருவர் இல்லை. குறை அங்கேதான்.

ஓதிக் காட்டுவது போல

நாம் சிறுவயதில் குர்ஆன் ஓதியதை நினைத்துப் பாருங்கள். தனியே இருந்து ஓதிப் பழகுவோம். பிறகு உஸ்தாதின் முன்னால் இருந்து ஓதிக் காட்டுவோம். ஓர் எழுத்தின் உச்சரிப்புத் தவறினாலும் அவர் நிறுத்தித் திருத்துவார். அந்த உஸ்தாதும் தன் உஸ்தாதிடம் ஓதிக் காட்டியவர்தான். அவரிடம் இஜாஸா பெற்ற பிறகுதான் இவர் நமக்கு ஓதிக் கொடுக்க அமர்ந்தார். இப்படி ஒரு சங்கிலி.

உளவளத்துணையில் மேற்பார்வை என்பது ஏறக்குறைய இதுதான். கங்காணி வேலை பார்ப்பது என்று பொருள் கொள்ள வேண்டாம். துயரப்பட்டவரைச் சந்தித்த துணையாளர், வாரந்தோறும் தன்னை விட அனுபவமும் படிப்பும் உள்ள ஒருவரின் முன்னால் அமர்ந்து, தான் என்ன கேட்டேன், என்ன சொன்னேன், எங்கே தடுமாறினேன் என்று 'ஓதிக் காட்டுகிறார்'. தன் பாரத்தையும் அங்கேதான் இறக்கி வைக்கிறார், குழாயடியில் அல்ல. எழுத்துத் தவறினால் திருத்தம் அங்கேயே கிடைக்கும்.

அந்த அறையில் நடப்பதை இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். துணையாளர் ஓர் இளம்பெண். சுனாமியில் தன் தம்பியைப் பறிகொடுத்தவர். அவரிடம் வந்த ஒரு தாய், மகனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

"அவ அழத் தொடங்கினதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உடனே வேறு கதைக்கு மாறிவிட்டேன்" என்கிறார் துணையாளர்.

மேற்பார்வையாளர் மெதுவாகக் கேட்கிறார்: "மகள், பேச்சை மாற்ற வேண்டி வந்தது அவவுக்காகவா, உங்களுக்காகவா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் சகோதரிகளே, இத்தனை படிப்பும். ஏனென்றால் நம் பகுதியில் காயப்பட்டவரும் மருந்து போடுபவரும் ஒரே ஊர், ஒரே அலை, ஒரே ஓட்டம். தன் காயத்தை அறியாதவர் பிறர் காயத்தைத் தொட்டால் இரண்டு பேருக்கும் வலி கூடும்.

மேற்பார்வையாளருக்கு மூன்று முகங்கள் வேண்டும் என்று 1979ஆம் ஆண்டில் ஜானின் பெர்னார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை எழுதினார். சில வேளை ஆசிரியராக இருந்து முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில வேளை துணையாளரின் மனத்தையே விசாரிக்கும் துணையாளராக வேண்டும். சில வேளை சமமாக அமர்ந்து யோசனை பகிரும் கூட்டாளியாக வேண்டும். எந்த நேரத்தில் எந்த முகம் என்று அறிவதுதான் கலை. ஒரு நல்ல மாமியார் புது மருமகளிடம் நடந்துகொள்ளும் விதத்தை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கு இது உடனே விளங்கிவிடும்!

பட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

இது தனித் துறையாக வளர்ந்தது அமெரிக்காவில். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1940களின் தொடக்கத்தில், தம்மிடம் வந்தவர்களோடு நடந்த உரையாடல்களை அனுமதியோடு ஒலித்தட்டில் பதிந்து, மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை மூடிய அறைக்குள் நடந்ததைத் திறந்து கற்பிக்க முடியும் என்று அது காட்டியது. 1981ஆம் ஆண்டில் இப்படிப்புகளின் தரத்தைப் பார்க்க அங்கே தனி அமைப்பே ஏற்பட்டது.

அந்த அமைப்பின் விதிகளைக் கேளுங்கள். முதலில் முதுமாணிப் பட்டம். அதில் வகுப்புப் பாடத்தோடு 100 மணி நேரம் ஆரம்பப் பயிற்சி, 600 மணி நேரம் களப்பயிற்சி. அதற்கு மேலேதான் கலாநிதிப் படிப்பு. அங்கேயும் இன்னொரு 100 மணி நேரப் பயிற்சி, இன்னொரு 600 மணி நேரக் களப்பயிற்சி. அந்த மணி நேரமெல்லாம் மேற்பார்வையின் கீழ். பிறகு சொந்தமாக ஓர் ஆய்வு செய்து நூலாக எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும்.

கலாநிதிப் படிப்பில் ஐந்து பகுதிகள். உளவளத்துணை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, ஐந்தாவதாகத் தலைமையும் பாதிக்கப்பட்டோருக்காகப் பரிந்து பேசுதலும். ஆக, இது ஆறுதல் சொல்வதற்கான பட்டம் அல்ல. ஆறுதல் சொல்வோரை உருவாக்குவதற்கும் காப்பதற்குமான பட்டம்.

நம் ஊர் மருத்துவ மாதுவைப் பாருங்கள். அவர் வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிறார். அவருக்கு மேல் பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரி. அவருக்கு மேல் சுகாதார வைத்திய அதிகாரி. இந்த அடுக்கு இருப்பதால்தான் கர்ப்பிணியின் கையில் இருக்கும் அட்டைக்கு மதிப்பு. மனதுக்கும் அப்படி ஓர் அடுக்கு வேண்டாமா?

விமானத்தில் வந்தவர்கள்

'படித்தவர்கள்தான் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தார்களே' என்று சிலர் சொல்லலாம். வந்தார்கள். நல்ல எண்ணத்தோடும் வந்தார்கள். ஆனால் பலருக்கு நம் பாஷை தெரியாது. நம் வீட்டில் மௌத்து நடந்தால் என்ன செய்வோம் என்றும் தெரியாது. தங்கள் நாட்டில் எழுதிய வினாத்தாளை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ஈத்தன் வாட்டர்ஸ் என்ற எழுத்தாளர் 2010இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் முழுவதும் இந்தக் கதைதான்.

இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியையாகப் பணியாற்றிய காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வு அதில் பேசப்படுகிறது. மேற்கு நாட்டவர் அதிர்ச்சியைத் தன் உள்ளத்துக்குள் நடப்பதாகச் சொல்கிறார்கள். நம்மவர்களோ உறவு அறுந்ததாக, குடும்பத்தில் தன் இடம் போனதாகச் சொல்கிறார்கள். 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்பதை விட 'நான் இனி யாருக்கு உம்மா?' என்பதுதான் நம் வேதனை.

2012இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பேராதனையில் இருந்தோரும் சேர்ந்து ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். போரில் பாதிக்கப்பட்ட நம் மக்கள் தம் வாயால் சொன்ன சொற்களிலிருந்தே அதை உருவாக்கினார்கள். அன்றாட வாழ்வில் ஒருவர் எவ்வளவு முடங்கிப் போயிருக்கிறார் என்பதை அறிய, மொழிபெயர்த்த வினாத்தாளை விட இது கூடுதலாக உதவியது. உள்ளூர்ப் பிள்ளை ஆய்வு செய்ய வேண்டும் என்பதற்கு இதை விட என்ன அத்தாட்சி?

நம் நாட்டில் இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே ஆசிரியர்களுக்கும் கிராமத் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். போர் தனி மனிதரை மட்டுமல்ல, முழுச் சமூகத்தையே காயப்படுத்தும் என்று எழுதினார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். பெரியவர்கள் பேசப் பயந்த நாட்களில் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள்.

காணாமற் போனவரின் மனைவி

நம் பெண்ணே இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கணவர் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறோம். அந்த இத்தா துக்கத்துக்கு ஓர் எல்லை போடுகிறது. ஜனாஸா போகிறது, யாசீன் ஓதுகிறோம், உறவினர் வந்து அமர்கிறார்கள். ஆனால் கடல் எடுத்த கணவரின் ஜனாஸா கிடைக்கவில்லை என்றால்? போர்க்காலத்தில் கூட்டிப் போனவர் திரும்பவே இல்லை என்றால்? அந்தப் பெண் விதவையா, மனைவியா? இத்தாவை எந்த நாளில் தொடங்குவது? கதவு தட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து ஓடுகிறாளே!

அமெரிக்காவின் குடும்பநல அறிஞர் பொலின் பாஸ் இதற்கு 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தில் பெயர் வைத்தார்; 1999இல் நூலாகவும் எழுதினார். முடிவு தெரியாததால்தான் மனம் உறைந்து போகிறது, இது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல என்பது அவர் சொன்ன பெரிய உண்மை. இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற் போனோர் அலுவலகம் உருவானதும் இத்தகைய குடும்பங்களுக்காகத்தான்.

ஆனால் மூதூரில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குத் துணை செய்பவர் பொலின் பாஸையும் அறிந்திருக்க வேண்டும், இத்தாவையும் அறிந்திருக்க வேண்டும். மார்க்கத் தீர்ப்பை ஆலிமிடமும் காதியாரிடமும் கேட்க வேண்டும். அதைத் தானே சொல்லப் போகக் கூடாது என்ற எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஈச்சிலம்பற்றில் இருக்கும் ஒரு தமிழ்த் தாயிடம் போனால், அந்தத் தாய் பொட்டு வைப்பதா விடுவதா என்று தவிக்கும் தவிப்பையும் மதிக்கத் தெரிய வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கும் பாடப்புத்தகத்தைத் தமிழில் யார் எழுதுவது? அந்தப் பெண்ணின் கதவைத் தட்டிப் பழகியவள்தானே எழுத வேண்டும்?

நமக்குப் புதிதல்ல

மனநோய் என்றால் ஜின் பிடித்தது, ஈமான் குறைவு என்று ஒதுக்குவது சிலரின் வழக்கம். நம் முன்னோர் அப்படி ஒதுக்கவில்லை. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வந்து அமுக்கும் துக்கம் வேறு என்று பிரித்துச் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன்! சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரி அந்த நூலை இக்கால வாசகருக்கு ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். முஸ்லிம் உளவியலாளர்கள் மேற்கை அப்படியே பிரதி பண்ணக் கூடாது என்று 1979இலேயே நூல் எழுதியவர் அவர்.

இன்னும் பின்னால் போவோம். முதல் வஹீ வந்த இரவில் நடுங்கியபடி வீடு திரும்பிய நபி (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரழி) அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? போர்த்தச் சொன்னதும் போர்த்தினார்கள். பயம் தணியும் வரை பொறுத்தார்கள். சொன்னதை முழுவதும் கேட்டார்கள். பிறகு அவர்களுடைய நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் திடப்படுத்தினார்கள். அதோடு நிறுத்தாமல், வேத அறிவுள்ள வரக்கா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துப் போனார்கள். இன்று கல்லூரியில் கற்பிக்கும் படிகளை எண்ணிப் பாருங்கள்: பாதுகாப்பு, செவிமடுத்தல், பலத்தை எடுத்துக்காட்டல், தன்னை விட அறிந்தவரிடம் அனுப்புதல். எல்லாம் அந்த ஒரு இரவில் இருக்கின்றன.

வழி எது?

உங்கள் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருப்பாள். வகுப்பில் யார் அழுதாலும் அவள் பக்கத்தில்தான் போய் அமர்வார்கள். சொன்னதை வெளியே விடமாட்டாள். அவளுக்குத்தான் இந்த வழி.

உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு உளவியலோ சமூகப்பணியோ பட்டப்படிப்பாக எடுக்கலாம். பேராதனையிலும் கொழும்பிலும் உளவியல் கற்பிக்கிறார்கள். தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் உளவளத்துணை டிப்ளோமாப் படிப்பு உண்டு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் பதவிகளும் உள்ளன. அங்கே சில வருடம் மக்களோடு பழகினால் ஆய்வுக்கான கேள்வி தானாகவே கிடைக்கும். பிறகு முதுமாணி. அதன் பின் கலாநிதி.

அமெரிக்கா தூரம் என்று தயங்குவோருக்கு மலேசியா இருக்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு செய்யாமல் ஒருவர் தன்னை உளவளத்துணையாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பல்கலைக்கழகங்களில் இத்துறையில் கலாநிதி ஆய்வும் செய்யலாம். ஹலால் உணவு, பள்ளிவாசல், தமிழ் பேசும் மக்கள் என்று நம் பிள்ளைக்கு அந்நியம் தெரியாது. போவதா, யாருடன் போவது, திருமணத்துக்கு முன்பா பின்பா என்பதெல்லாம் வீட்டார் மார்க்கத்தைப் பார்த்துக் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை. 'பெண்பிள்ளைக்கு எதற்கு?' என்ற கேள்வியோடு மட்டும் பேச்சை முடித்துவிடாதீர்கள். நம் பெண்கள் தம் அந்தரங்கத்தை ஓர் ஆணிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால், கேட்பதற்குப் படித்த பெண் வேண்டும் என்பதுதானே அதன் பொருள்?

இன்று மனப்பாரத்தோடு இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை கலாநிதியாகி வரும் வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. துணை தேடிப் போனால் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: "எங்கே பயின்றீர்கள்? உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் இருக்கிறாரா?" உயிருக்கு ஆபத்து வரும் நிலை போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர, நீங்கள் சொல்வது அவரிடம் அமானிதம். அதை அவர் முதலிலேயே உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

குழாயடியில் தன் கதையைத் தானே கேட்ட அந்தச் சகோதரியை நான் மறக்கவில்லை. அவருக்கு இப்போது ஒரு மகள், உயர்தர வகுப்பில். "என்ன படிக்கப் போகிறாள்?" என்று கேட்டேன். "உம்மாவின் கதையைக் கேட்கிற படிப்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறாள்" என்றார்.

இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கவலைகளை அகற்றுபவன் அல்லாஹ் ஒருவனே. நம் பிள்ளைகளில் சிலரை அதற்குக் காரணமாக்கி, பிறர் கண்ணீரை அமானிதமாகக் காக்கும் இதயத்தையும் கல்வியையும் அவர்களுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.